குனிபாலத்துக் குரல்

பாசிக்காரர் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று ஊரில் சொல்வார்கள். கால்வாயை மூடிக்கொண்டு படரும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் தட்டைப்படகில் நின்று அறுத்துக் கரையேற்றுவது அவர் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரோடு இருக்கிறவருக்குப் பேச ஆள் கிடையாது. ஆள் கிடைத்தாலும் பேச்சு வராது. கடைக்காரன் அழுகிய தக்காளியை எடைபோட்டுக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அதை எடுத்துப்போய்க் கடைக்காரனின் தராசிலேயே அறைந்து பிசைந்துவிட்டு வருவது அவர் மனைவியின் பொறுப்பு.

மனைவிக்கு ஊர் வைத்த பெயர் கடப்பாரை. முகத்துக்கு நேரே சொல்லும்போது கூடவே ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த அம்மாள் பாதைக் காவல். ஏரியில் தொடங்கிக் கடல் வரைக்கும் கால்வாயை ஒட்டியே போகும் அந்த மண்பாதையில் மோட்டார் வைத்த எதுவும் வரக்கூடாது என்பது சட்டம். தலைக்கு மேல் மரக்கிளை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டு, பின்னால் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து ஓட்டுவார்கள். அவளுடைய எல்லை தொடங்கும் இடத்தில் பாதையின் நடுவே ஓர் இரும்புக் கம்பம். அதன் சாவி அவள் இடுப்பில். கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவில் சைக்கிள் நுழையும், மோட்டார் சைக்கிளும் முக்கி முனகினால் நுழைந்துவிடும். அப்படி நுழைந்தவற்றைத் திருப்பி அனுப்பத்தான் அவள் சைக்கிள் பாரில் ஒரு கடப்பாரை எந்நேரமும் கட்டிக்கிடந்தது.

"எவ்வளவு அமைதியான இடம்மா" என்பார்கள் வருகிறவர்கள், தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டே.

"ஆமா, ஆமா" என்று சிரிப்பாள். அவர்கள் போனபிறகு கணவரிடம், "அமைதியாம்! இந்த அமைதிக்கு எத்தனை பேரு பல்லு விழுந்திருக்குன்னு இவங்களுக்கு என்னய்யா தெரியும்?" என்பாள்.

பாசிக்காரர் படகைக் கட்டிக்கொண்டிருப்பார். அவர் இடக்கைக்காரர். எல்லாரும் வலப்பக்கம் சுற்றும் கயிற்றை அவர் இடப்பக்கம் சுற்றி, நுனியைக் கீழிருந்து மேலே செருகுவார். வேறு யாரும் அவிழ்க்கப் பார்த்தால் அது இன்னும் இறுகும். "உன் முடிச்சும் உன்ன மாதிரியேதான். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள அழுத்தம்" என்று அவள் திட்டுவாள். திட்டித் திட்டி, அவிழ்க்கிற ரகசியத்தைக் கற்றுக்கொண்டவளும் அவள் ஒருத்திதான்.

அவர்களுக்கு ஒரே மகள். நகரத்தில் வேலை, அங்கேயே வாடகை வீடு.

சைலன்ஸர் கதை ஒரு கோடையில் தொடங்கியது. கல்குவாரியில் வேலை பார்த்த இளவட்டம் அவன். வண்டியில் சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டதால் அந்தப் பெயர். அன்றாட வேலை முடிந்ததும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கால்வாய்ப் பாதையில் பறப்பான். தார்ச்சாலையில் போனால் சுற்று. பாதையில் புகுந்து, பாலத்துக்கு முன்னால் வரும் வண்டித்தடத்தில் திரும்பினால் வீடு பக்கம். முதல் நாள் ஒரு வயதான சைக்கிள்காரரைப் பயமுறுத்திச் சேற்றில் விழவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் கடப்பாரை பாதையின் குறுக்கே நின்றாள்.

"அக்கா, வழி விடு."

"இது வழியில்ல, பாதை. உன் வழி அந்தப் பக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணா? அப்ப உன் வண்டியும் தண்ணியும்கூட ஒண்ணுதான்" என்றவள், அவன் இறங்குவதற்குள் கடப்பாரையை முன்சக்கரத்துக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். கம்பிகள் படபடவென்று தெறித்தன. இன்னொரு நெம்பில் வண்டி கரையிலிருந்து சரிந்து, கொதிக்கிற எஞ்சினோடு தண்ணீரில் விழுந்து புஸ்ஸென்று ஆவி கிளப்பியது. கையை ஓங்கிக்கொண்டு வந்தவனை அவள் முழங்கையால் மூக்கில் இடித்தாள். மற்ற இருவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். சைலன்ஸர் மூக்கில் ரத்தம் வழிய, பாசிக்காரர் அறுத்துக் குவித்திருந்த ஈரப்பாசியின் மேல் உட்கார்ந்து அழுதான். பாசிக்காரர்தான் கழியால் துழாவி வண்டியை இழுத்துக் கொடுத்தார்.

அவன் பதிலுக்கு வந்தது ஒரு மாதம் கழித்து. அந்தி சாய்கிற நேரம். அவள் கம்பத்தைப் பூட்டக் குனிந்தபோது மூன்று பேரும் பின்னாலிருந்து வந்தார்கள். ஒருவன் முடியைப் பிடித்தான். ஒருவன் கடப்பாரையை உருவித் தண்ணீரில் வீசினான். சைலன்ஸர் கையில் வண்டிச் சங்கிலி. அவள் சும்மா இருக்கவில்லை. முடியைப் பிடித்தவன் கையைக் கடித்தாள், கிடைத்த காலை மிதித்தாள், அவர்களுடைய பரம்பரையையே பெயர் சொல்லி அழைத்தாள். சங்கிலி இடது தோளில் இறங்கியபோது காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. பிறகுதான் அவள் விழுந்தாள். விழுந்தவளை மூன்று பேரும் உதைத்தார்கள்.

அந்தச் சத்தம் தண்ணீரில் தெளிவாகக் கேட்டது. பாசிக்காரர் அங்கேதான் இருந்தார். ஒரு கல்லெறி தூரத்தில், நாணல் மறைவில், படகில். கையில் அரிவாள் இருந்தது. அரிவாளைப் பிடித்த கை எழவில்லை. கால்கள் படகின் பலகையில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டன. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வண்டிகள் உறுமிக்கொண்டு போனபிறகுதான் அவரால் கழியை ஊன்ற முடிந்தது.

மருத்துவமனையில் தோளுக்குக் கட்டுப் போடும்போது அவள் கேட்டாள். "நீ எங்கய்யா இருந்த?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பக்கத்துலதான் இருந்தியா?"

தலையசைத்தார்.

அவள் நல்ல கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "சரி விடு. நீயும் வந்திருந்தா உன்னையும் நான்தான் தூக்கிட்டு வரணும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

போலீஸில் சொன்னார்கள். போலீஸ் சைலன்ஸரைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்பிவிட்டது. மறுவாரமே வண்டிகள் பாதையில் பறந்தன. தோள்கட்டோடு படுக்கையில் கிடந்தவளுக்கு அந்தச் சத்தம் ஜன்னல் வழியே வந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழப் பார்ப்பாள். வலியில் திரும்பப் படுப்பாள். பாசிக்காரர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கம்பி கட்டுகிற யோசனை அவருக்குள் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. வேலிக்குப் போட்டு மீந்த மெல்லிய கம்பிச் சுருள் கொட்டகையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள்மேல் ஒரு நாள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். தரையிலிருந்து தன் மார்பு வரைக்கும் ஒரு குச்சியால் அளந்துகொண்டார். மார்பில் பட்டால் விழுவார்கள். விழுந்தால் எலும்பு முறியும். தோள் முறிந்தால் நல்லது. இவ்வளவுதான் அவர் கணக்கு.

சைக்கிள்காரர்களைப் பற்றி அவர் யோசிக்காமல் இல்லை. பாசிக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவர் பாசி அறுக்கிற இடம் குனிபாலத்தடி. பழைய கல்பாலம், அடிவயிறு தாழ்ந்தது. பாதை அதற்குக் கீழே நுழைகிறது, ஆகவே சைக்கிளில் வருகிற அத்தனை பேரும் கைப்பிடிமேல் கவிழ்ந்துகொண்டுதான் அதைக் கடப்பார்கள். இத்தனை வருஷமாக அவர் படகிலிருந்து பார்த்த சைக்கிள்காரர்கள் எல்லாரும் குனிந்தவர்கள். சைக்கிள் என்றாலே குனிந்து ஓட்டுவது என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. கம்பி அவர்கள் தலைக்கு மேலே இருக்கும், ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். நிமிர்ந்து ஓட்டுகிறவள் என்று அவருக்குத் தெரிந்த ஒருத்தி தோள்கட்டோடு படுத்திருந்தாள்.

கம்பத்துக்கும் வண்டித்தடத்துக்கும் நடுவே, இரண்டு மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கட்டினார். இடப்பக்கம் சுற்றி, கீழிருந்து மேலே செருகி. பிறகு படகில் நாணலுக்குள் போய் உட்கார்ந்தார். இந்த முறை கை தயங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

அன்று மத்தியானம் குவாரிப் பக்கம் மழை கொட்டி, வேலையைச் சீக்கிரமே நிறுத்தியிருந்தார்கள். சைலன்ஸர் கூட்டம் எப்போதோ தார்ச்சாலை வழியாக வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இது பாசிக்காரருக்குத் தெரியாது.

கம்பத்துப் பக்கமிருந்து ஒரு விளக்கு வந்தது. ஒற்றை விளக்கு, சின்னது, தள்ளாடி வந்தது. மிதி வேகமானால் பிரகாசமாகவும் மெதுவானால் மங்கலாகவும் எரிகிற சைக்கிள் டைனமோ விளக்கு. ஒரு கையால் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அப்படித் தள்ளாடும்.

வீட்டில் அவள் தூங்கி எழுந்திருக்கிறாள். கணவரைக் காணோம். பாதையைப் பார்த்துப் பல வாரம் ஆகிறது. தோள்கட்டோடு சைக்கிளில் ஏறிவிட்டாள்.

பாசிக்காரர் படகில் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். இந்த முறை சத்தம் வந்தது. அறுபது வருஷம் அடைத்துக் கிடந்த சத்தம்.

"நில்லு! ஏய், நில்லு! நில்லுடீ!"

கால்வாய் முழுக்க எதிரொலித்தது. நாணலிலிருந்து நாரைகள் எழும்பின.

அவள் அந்தக் குரலை வாழ்க்கையில் கேட்டதேயில்லை. ஏதோ ஒரு ஆண்குரல், இருட்டுகிற நேரத்தில், அவளுடைய பாதையில், அவளைப் பார்த்து "நில்லுடீ" என்கிறது. அவளை அப்படிக் கூப்பிடக்கூடியவர்கள் என்று அவளுக்குத் தெரிந்தது மூன்று பேரைத்தான்.

"எவன்டா அவன்? வர்றேன் இரு!" என்றாள்.

நிற்கவில்லை. கைப்பிடிமேல் கவிழ்ந்து, வெறிகொண்டு மிதித்தாள். விளக்கு பளீரென்று எரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் மார்பில்தான் பட்டிருக்கும். வேகத்துக்காகக் குனிந்ததால் கழுத்தில் பட்டது.

கம்பி இழுபட்டு நாதம்போல் ஓர் ஓசை எழுந்தது. அவள் பின்னால் தூக்கி எறியப்பட்டாள். சைக்கிள் மட்டும் ஆளில்லாமல் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, பிறகு யோசித்து முடிவெடுத்ததுபோலத் தண்ணீருக்குள் இறங்கியது. சக்கரம் நின்றதும் விளக்கு அணைந்தது.

அவர் தண்ணீரில் குதித்து, பாசியைக் கிழித்துக்கொண்டு கரையேறினார். அவள் கண்கள் திறந்திருந்தன. கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடினாள். விரல்களுக்கு நடுவே ரத்தம். அவரைப் பார்த்ததும் அவள் பார்வை அவரைத் தாண்டி, இருட்டில் அந்தக் குரலைத் தேடியது.

பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்த சைக்கிள் தம்பதி ஓடிவந்து போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் கம்பத்தில் வந்து நின்றது. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அந்தக் கம்பத்தை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பாசிக்காரர் திறந்தார்.

உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை. குரல்வளை நொறுங்கிவிட்டது, இனிமேல் மூச்சு விடலாம், விழுங்கலாம், பேச்சு வருவது சந்தேகம் என்றார் மருத்துவர்.

யார் செய்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்று இரவே சைலன்ஸரையும் மற்ற இருவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகள் நகரத்திலிருந்து வந்தபோது அப்பா மருத்துவமனை நடையில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்பி கட்டினது நான்தான்மா."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நடையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் வாயைப் பொத்தினாள். "அப்பா, பேசாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அந்தப் பசங்கள அடிக்கிறாங்களாம்."

"அடிக்கட்டும். அம்மா தோள ஒடிச்சவங்கதானே? அதுக்கு யாராவது அடிச்சாங்களா? இத்தன வருஷம் எதுக்கும் வாயத் தொறக்கல. இப்பவும் தொறக்காம இருங்கப்பா. அது ஒண்ணுதானே உங்களுக்கு நல்லா வரும்?"

சொன்னபிறகு மகளே அழுதாள்.

அவர் நிலையத்துக்குப் போனார். வாசலிலேயே கேட்டது. தடியின் ஓசை, அதைத் தொடர்ந்து வரும் அலறல். மூக்கில் இடிபட்டுப் பாசிமேல் உட்கார்ந்து அழுத அதே குரல்தான், இப்போது இன்னும் சின்னதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான்தான் கட்டுனேன்."

"என்னத்தப் பெரியவரே?"

"கம்பிய."

இன்ஸ்பெக்டர் காவலரைப் பார்த்தார். காவலர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"பெரியவரே, வாழ்க்கையில ஒரு கொசுவையாவது அடிச்சிருக்கீங்களா?"

"நான்தான்யா."

"அம்மா நெலமையப் பார்த்து மனசு கலங்கிப் பேசறீங்க. அவன் நாளைக்குள்ள ஒத்துக்குவான். வீட்டுக்குப் போய்ப் படுங்க." காவலரிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம்யா, இவரு போய் அந்தம்மா கழுத்துக்குக் கம்பி கட்டுவாரா? அந்தம்மா முறைச்சா இவரு படகோட முழுகிடுவாரு."

உள்ளே மறுபடி அலறல் கேட்டது. பாசிக்காரர் திரும்பவும் சொன்னார், ஆனால் வழக்கம்போலக் காற்றுதான் வந்தது.

மருத்துவமனைக்குத் திரும்பி, கட்டிலருகே நின்று, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாணலில் நின்றது, குச்சியால் அளந்தது, குனிபாலம், கத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் அசையாமல் கேட்டாள். "கத்துனது நான்தான்" என்றபோது அவள் கண் ஒருமுறை சிமிட்டியது. அவ்வளவுதான். அடுத்த கணம் மேஜையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர்ச் சொம்பு அவர் நெற்றியில் வந்து மோதியது. அவர் விலகவில்லை. மருந்துத் தட்டு வந்தது. மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி, நல்ல கையால் அவர் முகத்தில், தோளில், மார்பில் அறைந்தாள். தொண்டையிலிருந்து துருத்தி ஊதுகிற மாதிரி ஓர் ஓசை மட்டும் வந்தது. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். மகள் நடுவில் விழுந்தாள். அறைந்து களைத்தவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த பிடியை விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கழுத்தில் கட்டு, தோளில் கட்டு, கையில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம். இப்படி ஒரு மனுஷி உள்ளே வந்ததும் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சைலன்ஸரின் ஒரு கண் மூடிவிட்டது. உதடு பிளந்திருந்தது. அவள் நேரே அவனிடம் போய், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு தன் உடைந்த தோளைத் தட்டிக் காட்டினாள். அது எதற்கான அறை என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது.

அப்புறம் திரும்பினாள். மேஜைமேல் அந்தக் கம்பி, மரப்பட்டையோடு சேர்த்து வெட்டியெடுத்து, முடிச்சுக் குலையாமல் கிடந்தது. அவள் கணவரின் இடுப்பிலிருந்து படகுக் கயிற்றை உருவினாள். எப்போதும் சுற்றிக்கொண்டே திரிவார் அதை. இன்ஸ்பெக்டரின் நாற்காலிக் கையைக் காட்டினாள். கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

பாசிக்காரர் கட்டினார். இடப்பக்கம் சுற்றி, நுனியைக் கீழிருந்து மேலே.

இன்ஸ்பெக்டர் கம்பியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். காவலரைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார். இழுக்க இழுக்க இறுகியது. இன்ஸ்பெக்டர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு வடிந்துபோனது. அவள் காவலரின் கையைத் தட்டிவிட்டு, இரண்டு விரலால் முடிச்சை நொடியில் அவிழ்த்து, கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பிறகு கணவரை நெஞ்சில் கைவைத்து இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

வெளியே விடப்பட்ட சைலன்ஸர், நொண்டிக்கொண்டே பாசிக்காரர் எதிரில் நின்றான்.

"பெருசு, நீயா?"

"ஆமா."

"எனக்குத்தானா அது?"

"உனக்குத்தான்."

"கழுத்துக்கா?"

"மாருக்குத்தான் அளந்தேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிளந்த உதட்டோடு, "என் வண்டிய நீதானே தண்ணியிலேர்ந்து எடுத்துக் குடுத்த" என்றான். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் நொண்டிக்கொண்டு போனான். அவன் அந்தப் பாதையில் பிறகு வரவில்லை.

பாசிக்காரர் சிறையிலிருந்து திரும்பியபோது குனிபாலத்தடி அடையாளம் தெரியாமல் பாசி மூடிக்கிடந்தது. வேறு ஆளைப் போட அவள் விடவில்லை. வந்த இரண்டு பேரை, தண்ணீரில் துழாவி மீட்ட கடப்பாரையைக் காட்டியே துரத்தியிருந்தாள். படகை, அவரிடமிருந்து உருவிய கயிற்றால், அவர் போடும் அதே முடிச்சில் அவள் கட்டிவைத்திருந்தாள். அவள் அவரை வரவேற்கவில்லை. கழியை எடுத்து அவர் காலடியில் போட்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு முதல் சைக்கிள் வந்தபோதுதான் அது நடந்தது. பின்னால் கூடாரச் சுருளோடு ஒரு பெண் பாலத்தை நெருங்கினாள். அவள் தானாகவே குனியத்தான் போகிறாள், எல்லாரும் குனிவதுபோல. ஆனாலும் பாசிக்காரர் படகில் எழுந்து நின்று கத்தினார்.

"தலை! தலையப் பாரும்மா! மெதுவா!"

அந்தப் பெண் திடுக்கிட்டுக் காலை ஊன்றிவிட்டாள். கரையில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். முன்பு ஒருமுறை இருட்டில் கேட்ட குரலை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறவள்போலப் பார்த்தாள்.

அதிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட அவர் கத்தாமல் விட்டதில்லை. வருகிறவர்கள் பயந்தார்கள், சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். இந்த அமைதியான இடத்தில் ஒரே தொந்தரவு படகில் நிற்கும் கிழவர்தான் என்று யாரோ புகார்கூடக் கொடுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. போன மாதம், அறுத்த பாசி பாதியில் இருக்க, படகில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

படகு இப்போதும் பாலத்தடியில்தான் நிற்கிறது. அவள் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பாலத்தின் கீழே கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் எழுந்து, கடப்பாரையை எடுத்து, பாலத்தின் இரும்புத் தாங்கியில் ஓங்கி அடிக்கிறாள். வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிறகு குனிகிறார்கள்.